மூக்கன் ஓட்டினவர்

பழைய பஸ்களைப் பற்றி யாரோ ஒரு மலர் போட்டிருக்கிறார்கள் என்று என் மகள் ஈப்போவிலிருந்து வாங்கி வந்தாள். நல்ல பளபளப்பான தாள். நாலாம் பக்கத்தில் மூக்கன் நிற்கிறது. அதன் மட்கார்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அதை ஓட்டினவர் நிற்கிறார், சிரித்த முகம். கீழே, மக்கள் மனம் கவர்ந்த பஸ் என்று எழுதியிருக்கிறார்கள். கவர்ந்ததுதான், இல்லையென்று யார் சொன்னது? அந்த வண்டியின்மேல் நான் வைத்திருந்த ஆசையில் பாதியை என் மாமியார்மேல் வைத்திருந்தால் வீட்டில் சண்டையே வந்திருக்காது. படத்துக்குக் கீழே அவர் பேரைப் போடவில்லை. நானும் போடப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் ஈப்போவில்தான் இருக்கிறார்கள். கோயிலில் பார்த்தால் "அம்மா, சௌக்கியமா?" என்று கேட்கிற நல்ல பிள்ளைகள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

முன்பக்கம் நீளமாக நீட்டிக்கொண்டிருந்ததால் அந்த பஸ்ஸுக்கு மூக்கன் என்று பேர். யார் வைத்தது என்று கேட்டால் எங்கள் தோட்டத்தில் பத்துப் பேராவது நான்தான் என்பார்கள். ஈப்போவில் ஒரு சீனத் தச்சர் பலகையால் கட்டிய வண்டி அது. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் படுதாவை இறக்கிவிட வேண்டும். ஈப்போவிலிருந்து பத்து காஜாவுக்குப் போய்த் திரும்பும். நடுவில் எங்கள் ரப்பர் தோட்டத்துச் சந்தி. வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அந்த மூக்கில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைப்பார்கள். சந்தியில் ஏறுகிற சீனக் காய்கறிக்காரி ஒருத்தி இருந்தாள். அவளும் ஒருநாள் எங்களைப் பார்த்து ஒரு பொட்டு வைத்துவிட்டுக் கும்பிட்டாள். நான் அந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததே அந்த வண்டியில்தான். கல்யாணப் புடவையில் எண்ணெய்க் கறை பட்டு, முதல் நாளே மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரன் ஓடினான், தோட்டத்துத் துரை ஓடினார், கணக்கெழுதுகிற பெரிய கிராணியையும் இரண்டு மாதம் காணோம். வருகிறவனும் போகிறவனும் கண்ணில் பட்ட வண்டியையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்த நேரம். அவர் மூக்கனை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் ரப்பர் காட்டுக்குள் விட்டார். சக்கரங்களைக் கழற்றி எங்கள் கோழிக்கூடுகளுக்குப் பின்னால் ஒளித்தார். நாங்கள் தழை வெட்டி வந்து போட்டு வண்டியை மூடினோம். பதினாறு நாள் அது அங்கே கிடந்தது. ஆள் மாற்றி ஆள் காவல் இருந்தோம். சின்னப் பிள்ளைகள்கூட வாயைத் திறக்கவில்லை. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், மூக்கனைக் காப்பாற்றியது அவர் மட்டும் இல்லை, நாங்களும்தான். அந்த மலரில் இது இல்லை.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். குட்டையான ஆள், கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு, வெற்றிலை போட்ட வாய். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஏற்றினவரை இறக்கிவிட வேண்டும். காலையில் சந்தியில் ஏறுகிறவர்களை விரலை நீட்டிச் சத்தமாக எண்ணுவார். சாயங்காலம் ஈப்போ பசார் வாசலில் அத்தனை தலையும் வந்து சேராமல் வண்டியை எடுக்க மாட்டார். மழையா, இருட்டுகிறதா, கைப்பிள்ளை அழுகிறதா, அதெல்லாம் அவர் காதில் ஏறாது.

ஒருநாள் காது கேட்காத ஒரு பெரியவர் வந்து சேரவில்லை. எல்லோரும் வண்டியில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, எடுங்கண்ணே. அவரு நடந்து வந்துடுவாரு" என்று நான்தான் சொன்னேன்.

"ஒரு தலை குறையுது லா, தங்கச்சி."

"அந்தத் தலைக்குக் காதே இல்லயேண்ணே. எங்கன்னு தேடுவீங்க?"

"காது இல்லன்னாதான் தேடணும்" என்று இறங்கிப் போனார். முக்கால் மணி நேரம் கழித்துப் பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். உப்பு கொடுக்கிற வரிசை என்று நினைத்துப் பெரியவர் ஏதோ ஒரு சாவுவீட்டு வரிசையில் நின்றிருந்தாராம். வண்டியே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "ஏத்துனவங்கள எறக்கி விடலன்னா நான் என்னா டிரைவரு? மாடு மேய்க்கிறவன்கூட எண்ணித்தான் ஓட்டிட்டுப் போவான்" என்று உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

அப்போது பெட்ரோல் ஏது? பின்பக்கம் ஓர் இரும்பு உருளையை மாட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில்தான் வண்டி ஓடியது. கரி போட ஓர் ஆள் வேண்டும். அவருடைய மனைவியின் தம்பி அந்த வேலையைப் பார்த்தான். இருபத்தைந்து வயது, முகம் முழுக்கக் கரி, பல் மட்டும் வெள்ளை. அவனும் அவன் அம்மாவும் எங்கள் லயத்தில்தான் குடியிருந்தார்கள். மேட்டில் மூக்கன் மூச்சு வாங்கி நின்றுவிடும். உடனே எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், காய்கறிக்காரி, நாங்கள், எல்லோரும். யாரும் சொல்லத் தேவையில்லை. தள்ளிக்கொண்டே கத்துவோம், சிரிப்போம். கஞ்சிக்கு வழியில்லாத காலத்தில் நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தது அந்த மேட்டில்தான்.

அப்புறம் சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்களாம். முதலில் நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராமல் போகவே, மேற்கொண்டு யாரும் போகவில்லை. பிறகு லாரியில் வந்து பிடித்தார்கள். எங்கள் ஆண்கள் பொழுது விடிந்ததும் ஈயம் தோண்டின பழைய குட்டைக்கு அந்தப் பக்கம் போய், ஆளுயர லாலான் புல்லுக்குள் கிடப்பார்கள். நாங்கள் லயத்தில் இருந்து மரவள்ளிக்குக் கொத்திக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். லாரிச் சத்தம் எங்களுக்கு மனப்பாடம். இரண்டு முறை வந்து வெறுங்கையோடு போனார்கள். அடித்துக் கேட்டார்கள், கங்காணிக்குப் பல் போனது, ஆனாலும் ஆள் அகப்படவில்லை. லாரிக்கு எங்களை ஏமாற்றத் தெரியவில்லை.

மூக்கனுக்குப் பித்தளை ஹாரன், ரப்பர் குமிழ் வைத்தது. ஊதினால் இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் தோட்டத்து நாய்கள்கூடக் குரைக்காது.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். மூக்கன் வருகிற நேரம் இல்லை. ஆனால் ஹாரன் கேட்டது. அதுவும் சந்தியில் இல்லை. வண்டி செம்மண் சடக்கில் இறங்கி, எங்கள் லயத்துக்கு முன்னால், காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக் களத்துக்கே வந்து நின்றது. "நம்ம வாசலுக்கே வந்துட்டான் மூக்கன்!" என்று பிள்ளைகள் குதித்தன. அவர் படிக்கட்டில் நின்றார். பக்கத்தில் ஜப்பான்காரன் ஆபீஸ் பட்டையைக் கையில் கட்டிய ஒரு கிராணி, தாளும் பென்சிலுமாக. சிப்பாய் இல்லை. துப்பாக்கி இல்லை. இதைப் பிற்பாடு பலர் மாற்றிச் சொன்னார்கள். நான் பார்த்தவள். இல்லை.

"பத்து காஜாவுல அரிசி வந்திருக்கு" என்றார். "வீட்டுக்கு ஒரு ஆம்பள நேர்ல வந்து கைநாட்டு வெக்கணுமாம். பொம்பளைங்க போனா குடுக்கமாட்டாங்க. வரச் சொல்லுங்க."

"பயம் ஒண்ணும் இல்லயேண்ணே?" என்று கங்காணி மனைவி கேட்டாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன் லா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுக்கு மேல் எங்களுக்கு என்ன வேண்டும்?

நான் அப்போது நாலு மாதம். அரிசியைக் கண்ணால் பார்த்தே மூன்று மாதம் இருக்கும். மரவள்ளி, மரவள்ளி, மறுபடியும் மரவள்ளி. வாயில் வைத்தால் குமட்டும். ஒரு கை சோறு, உப்புப் போட்ட வெறுஞ்சோறு, அது கிடைத்தால் போதும் என்று ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரரின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். அரிசி என்றதும் முதலில் ஓடினவள் நான்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈயக் குட்டையைச் சுற்றி ஓடினேன். மற்ற பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். அவரவர் புருஷனைப் பேர் சொல்லாமல் கூப்பிட்டோம். புல்லுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ஜப்பான்காரனுக்கு அந்த வேலையும் மிச்சம். நாங்களே கூப்பிட்டுக் கொடுத்தோம்.

என் வீட்டுக்காரர் சுலபத்தில் எதையும் நம்பாத மனுஷர். நான் வைத்த ரசத்தைக்கூட முதலில் மோந்து பார்ப்பார். தலையை மட்டும் வெளியே நீட்டி, "ஏ புள்ளே, நேரமில்லாத நேரத்துல எதுக்கு வாரான்?" என்றார்.

"அரிசிங்க! மூக்கன்தாங்க, லாரி இல்ல. அண்ணன்தான் கூட்டிட்டுப் போறாரு."

"எனக்கு என்னமோ சரியாப் படல."

"உங்களுக்கு எதுதான் சரியாப் பட்டுச்சு? வயித்துப் புள்ளைக்கு ஒரு பிடி சோறு கேட்டேன், அதுக்கும் யோசனையா? போயிட்டு வாங்க" என்றேன். கையைப் பிடித்து இழுத்தேன். பிறகு முதுகில் கையை வைத்துத் தள்ளினேன். விளையாட்டுத் தள்ளுதான். அவர் சிரித்துக்கொண்டே, "சோறு பொங்க உலை வை, போ" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நாற்பத்தொரு பேர் ஏறினார்கள். கிராணி தாளில் கோடு போட்டு எண்ணினான். அவர் எண்ணவில்லை. என்னடா, அண்ணன் இன்றைக்கு எண்ணவில்லையே என்று என் மனதில் ஓடியது. பின்னால் கரி போடும் பிள்ளையையும் காணோம். அவரே இறங்கிப் போய்க் கரி கொட்டிவிட்டு வந்தார். இரண்டையும் பார்த்தேன். அரிசி கண்ணை மறைத்துவிட்டது.

எங்கள் லயம் மேட்டில் இருந்தது. களத்தில் நின்றால் சந்தி தெரியும். பத்து காஜாவுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். மூக்கன் இடப்பக்கம், ஈப்போ சடக்கில் திரும்பியது. "கரி ஏத்திக்கிட்டுத் திரும்புவாரா இருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். இருக்கும் என்று நானும் சொன்னேன். வீட்டுக்குப் போய் உலை வைத்தேன். தண்ணீர் கொதித்தது. வற்றியது. மறுபடி ஊற்றினேன். சாயங்காலம்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஆறு மணிக்கு மூக்கன் வந்தது. காலியாக வந்தது. அவர் இறங்கி, மூக்கின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டேஷன்ல ரயிலேத்திட்டாங்க. சயாமுக்காம். மூணு மாசத்துல அனுப்பிடுவாங்களாம்" என்றார்.

யாரும் அழவில்லை, முதலில். என் மாமியார்தான் அவர் முன்னால் போய் நின்றாள். சண்டைக்காரி, ஊரே பயப்படும் வாய். அன்றைக்குக் குழந்தை மாதிரிக் கேட்டாள்: "ஏத்துனவங்கள எறக்கி விடுவியேப்பா?"

அவர் வாயைத் திறந்தார். வெற்றிலைச் சாறு மட்டும் வழிந்தது. அதற்கப்புறம்தான் களமே ஓலமிட்டது.

அன்றைக்கு இரவு அவர்மேல் எனக்குப் பரிதாபம்கூட இருந்தது, கேட்டுக்கொள்ளுங்கள். அவரையும் ஏமாற்றிவிட்டார்கள், பாவம், அவருக்கும் அரிசி என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று மாமியாரிடம் வாதாடினேன். மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பரிதாபமும் போயிற்று. கரி போடும் பிள்ளையின் அம்மா குடத்தை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கள்ளம் கபடம் தெரியாத மனுஷி.

"எம் மவன் சாமி புண்ணியத்துல தப்பிச்சான்டி. முந்தாநாளே மாப்பிள்ளை அவன காம்பார் டவுனுக்கு அனுப்பிட்டாரு. ஆள் புடிக்கப் போறாங்க, இங்க நிக்காதன்னு சொல்லி அனுப்பினாராம்" என்றாள்.

முந்தாநாளே. நாங்கள் ஹாரன் கேட்டு ஓடுவதற்கு ஒரு நாள் முன்னாலேயே. ஒரு தலையை மட்டும் எண்ணிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

குடத்தைப் போட்டுவிட்டுச் சந்திக்கு ஓடினேன். மூக்கன் நின்றிருந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். நான் அதைப் பார்க்கவில்லை.

"தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தை" என்றேன்.

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "தெரியும் தங்கச்சி" என்றார். "லாரிக்கு ஆள் வரமாட்டேங்குது, நீ கொண்டா, இல்லாட்டி வண்டிய எடுத்துக்குவேன்னான். வண்டி போச்சுன்னா இந்தச் சடக்குல உள்ள அத்தன பேரும் என்னா பண்ணுவாங்க, சொல்லு? ஆஸ்பத்திரிக்கு, பசாருக்கு..."

"நடப்பாங்க!" என்றேன். "கால் இல்லயா? நடந்து போவாங்க! நாங்க தழை போட்டு மூடி வெச்ச வண்டிய்யா இது!"

உள்ளே மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, "நேரமாவுதுண்ணே" என்றாள்.

அதுதான் எனக்கு இரண்டாவது அடி. ஒரு மாதம்கூட ஆகவில்லை, எங்கள் லயத்திலும் எல்லோரும் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். "அவருதான் என்னா பண்ணுவாரு, பாவம்." "துப்பாக்கிய வெச்சு மெரட்டுனானாம்." "வண்டி மேல என்னாடி கோவம்?" வெள்ளிக்கிழமை மறுபடியும் மூக்கில் குங்குமம் ஏறியது. புருஷனைப் பறிகொடுத்தவளே வைத்தாள். என் மாமியாரும் ஏறினாள். முட்டி வலி, வேறு வழியில்லை என்றாள். நான் ஏறவில்லை. பசாருக்கு நடந்தேன், வயிறு தள்ளிக்கொண்டு நடந்தேன், பிள்ளை பெற்ற பிறகு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். தினமும் அவர் என் பக்கத்தில் வண்டியை மெதுவாக்குவார். "ஏறு தங்கச்சி" என்பார். நான் சடக்கை விட்டு இறங்கிப் புல்லில் நடப்பேன். மறுநாளும் மெதுவாக்குவார். அந்த மனுஷனுக்கு வெட்கமே கிடையாது, அல்லது நிறைய இருந்தது. இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போர் முடிந்து ஆறு பேர் திரும்பி வந்தார்கள். என் வீட்டுக்காரரை ஆற்றங்கரைக் கொட்டகை ஒன்றில் காலில் புண்ணோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். செத்ததைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். ஆகவே நான் தாலியைக் கழற்றவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை. ஊர் என்னென்னவோ பேசியது. பேசட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், ஜப்பான்காரன் இருக்கும்போதே நடந்தது. என் மகளுக்கு அப்போது ஒரு வயது. மலரை வாங்கி வந்தாளே, அவள்தான். மூன்று நாள் காய்ச்சல். துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பத்து காஜா ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருந்தேன். உச்சி வெயில். பின்னால் மூக்கன் வந்து நின்றது. நான் புல்லில் இறங்கினேன். அவர் வண்டியை விட்டுக் குதித்து எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"என் மூஞ்சியப் பாக்காத. புள்ள மூஞ்சியப் பாரு" என்றார்.

பார்த்தேன். கண் மேலே செருகியிருந்தது. கை கால் வெட்டி இழுத்தது. ஏறினேன்.

மேட்டில் மூக்கன் திணறியது. அவர் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் எறங்கிக்குங்க. இங்கயே நில்லுங்க, வந்து ஏத்திக்கிறேன்" என்றார். எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். வண்டி மேடேறியதும் அவர் நிறுத்தவில்லை. அத்தனை பேரையும் வெயிலில் விட்டுவிட்டு, என்னையும் பிள்ளையையும் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்று மருந்து கொடுக்கிற டிரெசர் சொன்னார். இருந்த கொஞ்ச மருந்தைக் கரைத்துப் புகட்டினார். சாயங்காலம் காய்ச்சல் இறங்கி, பிள்ளை கண்ணைத் திறந்து பால் கேட்டது. என் மகள் உயிரோடு இருப்பது அவரால். அதை நான் மறைக்க மாட்டேன். மறைத்தால் சோறு செரிக்காது.

அவர் போய் மேட்டில் நின்றவர்களை ஏற்றி இறக்கிவிட்டு மறுபடி வந்திருந்தார். கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பிள்ளையையே பார்த்தார். பிள்ளைக்கு அப்படியே அப்பா முகம். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கரியும் கண்ணீரும் கலந்து துண்டு கறுத்தது.

"தங்கச்சி" என்றார். "எல்லாரும் பேசுறாங்க, எல்லாரும் ஏறுறாங்க. நீ ஒருத்திதான். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. எனக்குத் தூக்கமே இல்ல."

சொல்லியிருக்கலாம். பிள்ளை மூச்சு விடுகிற சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ஆனால் வாயைத் திறந்தபோது என் கை தெரிந்தது. என் வீட்டுக்காரர் முதுகில் வைத்துத் தள்ளின கை.

"தள்ளி விட்டவ நான், எனக்கென்னண்ணே உரிமை?" என்றேன். "ஏறிப் போனவரு வரட்டும். அவருகிட்ட கேட்டுச் சொல்றேன்."